சம்பந்தியம்மா ஏறி உட்கார்ந்த கார்

திருத்துறைப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி யாரிடம் வேண்டுமானாலும் மெஹராஜ் பேகம் வீடு எது என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள். காட்டிய கையோடு, "இப்ப இருக்க மாட்டாங்களே, கார் நிக்கலையே" என்றும் சொல்வார்கள். கார் வாசலில் இருந்தால்தான் மெஹராஜ் வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

மெஹராஜ் எனக்கு மகள் முறை. அவளைப் பெற்ற அத்தாவும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இன்னொரு பக்கம், அவளுடைய பெரியம்மா எனக்குப் பால் கொடுத்தவர். அந்தக் கணக்கில் பார்த்தால் மெஹராஜ் எனக்குத் தங்கை முறை. இரண்டில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் என்னைக் காரில் ஏற்றிக்கொள்வாள், அதனால் நான் இதுவரை ஒன்றை முடிவு செய்யவில்லை.

கார் அவள் வீட்டுக்காரர் அப்துல் ஹமீது வாங்கியது. குவைத்தில் ஒரு துணிக்கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியதும், மன்னார்குடியில் ஒரு டாக்டர் ஓட்டிக் களைத்த வெள்ளைக் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். நிறுத்தினாரே தவிர ஓட்டவில்லை. "அங்க ரோட்டுக்கு வலது பக்கம் போவாங்க, இங்க இடது பக்கம். என் மண்டைக்குள்ள ரெண்டும் எதிர்த்தாப்ல வந்து முட்டிக்குது" என்றார். மூன்று மாதம் கார் வாசலில் நின்றது, அதன் மேல் கோழி ஏறியது. நான்காவது மாதம் மெஹராஜ் சாவியை எடுத்தாள். அறுவடை முடிந்த வயலில், வெறும் தாளடியின் மேல், வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகினாள். வயலுக்குச் சொந்தக்காரி காத்தாயி வரப்பில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு சுத்து சுத்து மெஹராஜு, உழவுக் கூலி மிச்சம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் வீட்டுக்கு வந்தன. பிள்ளையும் தாயும் பின்சீட்டில் ஏறிவிட்டால் மெஹராஜ் துஆ ஓதிவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள். சைக்கிள்காரர்கள் முந்திப் போவார்கள். அவள் கவலைப்பட மாட்டாள். "இப்பத்தான் துனியாவுக்கு வந்திருக்கு, அதுக்கு என்ன அவசரம்" என்பாள்.

இப்படி ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி வந்தவளுக்கு ஒரே மகள், நஜ்மா. மயிலாடுதுறையில் கட்டிக் கொடுத்திருந்தது. நஜ்மா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்றே மெஹராஜ் காரின் பின்சீட்டுக்குப் புது உறை தைக்கக் கொடுத்துவிட்டாள். ஏழாம் மாதம் பிள்ளைத்தாய்ச்சியைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அந்த நாளில் தன் காரில், தன் கையால் ஓட்டி, மகளை அழைத்து வருவது என்பதில் அவள் வேறு எதையும் விட உறுதியாக இருந்தாள்.

அப்போதுதான் காருக்கு அந்தச் சத்தம் வந்தது.

முதலில் வேகத்தடையில் மட்டும் "டொக்" என்றது. பிறகு பள்ளத்தில், பிறகு எங்கள் சந்துக்குள் திரும்பும்போது. பிரேக்கை அழுத்தினால், டீக்கடையைக் கண்ட ஆள் மாதிரி, வண்டி இடது பக்கம் இழுத்தது. போதாத காலம், அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறையில் ஒரு நிக்காஹ் வந்தது. மெஹராஜ் சம்பந்தியம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

சம்பந்தியம்மா ஜன்னத் பீவி பெரிய பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பெண். நல்ல உருவம், நல்ல குரல், நல்ல காது. மண்டபம் போய்ச் சேருவதற்குள் அந்தக் காதில் "டொக்" நிறைய விழுந்துவிட்டது. இறங்கிய உடனே, கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னார்:

"சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. என் மருமவ வயித்துப் புள்ளையோட இதுல வரமாட்டா. என் அக்கா மவன்கிட்ட பெரிய ஏசி வண்டி இருக்கு, டிரைவரோட அனுப்புறேன். நீங்க வீட்டுல சோறாக்கி வைங்க, போதும்."

சோறாக்கி வைங்க என்ற அந்த ஒரு சொல்தான் மெஹராஜைச் சுட்டது. "பழைய வண்டிதான் சம்மந்தி, ஆனா பதவிசான வண்டி. நல்லா ஆக்கிக் காட்டுறேன், நீங்களே உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"சத்தம் வராம இருந்தா சரி. ஒரு சத்தம் வந்தாலும் ஏசி வண்டிதான்" என்றார் ஜன்னத் பீவி.

வீட்டுக்கு வந்ததும் ஹமீது முதல் தீர்ப்பை வழங்கினார். கல்யாண வீடுகளுக்குக் கொடுத்து வாங்கும் பெரிய தேக்சா எப்போதும் டிக்கியில்தான் கிடக்கும். பிரியாணிக்கு அதுதான் ஊருக்கே பொதுப் பாத்திரம். "அதோட மூடிதான் முட்டுது" என்றார். தேக்சாவை இறக்கினார்கள். டொக். ஜாக்கியை எடுத்தார்கள். டொக். ஸ்டெப்னி டயரையும் இறக்கினார்கள். காலி டிக்கியோடு வேகத்தடையில் ஏறினாள், டொக் என்றது.

"நான் உள்ள உக்காந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஹமீது டிக்கியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, கால் இரண்டும் வெளியே தொங்க, கடைத்தெருவைப் பார்த்தபடி பின்னோக்கியே ஊர்வலம் போனார். தெரிந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள். அவரும் பதில் சொல்லிக்கொண்டே போனார். பள்ளிவாசல் வேகத்தடை வந்ததும் கத்தினார்: "முன்னாடி, மெஹராஜு, சத்தம் முன்னாடி."

அந்தக் கோலத்திலேயே கார் இளவழகன் பட்டறைக்குப் போனது. இளவழகன், காத்தாயியின் இரண்டாவது மகன். அண்ணன் வாத்தியார், தங்கை நர்ஸ், இவன் ஒருவன்தான் இரும்போடு சேர்ந்தான் என்று காத்தாயி சொல்லிக்கொள்வாள். அவன் டிக்கியில் இருந்த ஹமீதைப் பார்த்தான்.

"இத மாத்தணுமாக்கா?" என்று கேட்டான்.

"அத நான் பாத்துக்குறேன். நீ சத்தத்தப் பாரு."

அவன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் முன்னாடி. பிரேக். கொஞ்சம் பின்னாடி. பிரேக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் இடதுபக்கச் சக்கரம் மட்டும் தன் கூட்டுக்குள்ளேயே பின்னால் போய் முன்னால் வந்தது. பிறகு ஒரு கடப்பாரையை உள்ளே கொடுத்து நெம்பினான். கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. உள்ளங்கையில் ஏந்திக் காட்டினான்.

"ரப்பர் செத்துப்போச்சுக்கா. வீலப் புடிச்சிக்கிட்டு இருக்கற இரும்புக் கை இருக்குல்ல, அது வண்டியோட சேர்ற எடத்துல முட்டி மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதுக்குப் பேரு புஷ். ஐயாவுக்கு மாடி ஏறுனா முட்டியில சத்தம் வருதுல்ல, அதேதான்."

"அவருக்கு மாத்த முடியாது. இதுக்காச்சும் மாத்து" என்றாள் மெஹராஜ்.

இரண்டு பக்கமும் மாற்றுவது என்று முடிவானது. புது புஷ் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. இளவழகன் அதை மெஹராஜ் கையிலேயே கொடுத்து, "ராத்திரி ஐஸ்பெட்டியில வைங்கக்கா. குளுந்தா ஒரு நூலு சுருங்கும். நாளைக்கு வைஸ் இடுக்கியில வச்சு அழுத்துனா நோகாம ஏறிக்கும்" என்றான். அவள் அதைத் தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் கவரால் மூடி, வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, வந்து பாருங்கள் என்று சொல்வதாகத் திட்டம்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா தானாகவே வந்து நின்றார். முத்துப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர், வந்ததே வந்தோம் என்று இங்கேயும் எட்டிப் பார்த்தாராம். ஆனி வெயில். "நீங்க உக்காருங்க, நானே எடுத்துக்குறேன்" என்று சர்பத்துக்கு ஐஸ் எடுக்கப் போய்விட்டார். மெஹராஜ் ஓடுவதற்குள் ஐஸ்பெட்டிக் கதவு திறந்துவிட்டது.

"சம்மந்தி, இது என்னா பலகாரம்? நடுவுல ஓட்டையெல்லாம் போட்டிருக்கீங்க."

"அது காருக்கு."

"காரு ஐஸ் கேட்டுச்சாக்கும்?"

ஹமீது சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர், அதை மூக்கு வழியாக விட்டார். ஜன்னத் பீவி ஒரு புஷ்ஷை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பார்த்தார். வஞ்சிர வாடை அடித்ததாகச் சொல்லிக் கழற்றினார். விவரம் தெரிந்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எந்திரிங்க, பட்டறைக்கு நானும் வர்றேன். என் மருமவ உக்காரப்போற வண்டிய நான் பாக்க வேணாமா" என்றார்.

பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவரைப் போல் ஒரு தொல்லை கிடையாது. புங்கமர நிழலில் ஜன்னத் பீவிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. இளவழகன் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, இரும்புக் கையை எடுத்து, பழைய ரப்பரைத் தட்டி எடுத்தான். சம்பந்தியம்மா அவ்வளவுக்கும் உரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மத்தியான லுஹர் தொழுகைக்குள்ள முடிச்சிருவியா?"

"முடிச்சிரலாம்மா."

"லுஹர் வந்துருச்சேப்பா."

"இந்தா ஆச்சும்மா."

"எங்க மயிலாடுதுறையில ஒருத்தன் இருக்கான், ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிப்பான்."

"அவன் டீய மெதுவா குடிப்பான் போலம்மா" என்றான் இளவழகன். சொன்னானே தவிர, கை வேகம் பிடித்துவிட்டது. குளிர்ந்த புஷ் வைஸில் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரும்புக் கைகளைத் திரும்ப மாட்டி, எல்லா நட்டையும் அங்கேயே, வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே, ஓங்கி இறுக்கிவிட்டான்.

கார் தரையில் இறங்கியது. பாதிதான் இறங்கியது என்று சொல்ல வேண்டும். அடையிலிருந்து எழுந்த கோழி மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். மதகு மேட்டில் ஏறும்போது டொக் இல்லை. மெஹராஜ் முகம் மலர்ந்தது. இறங்கும்போது "க்ரீச்" என்றது. அடுத்த பள்ளத்தில் நீளமாக, ராகத்தோடு, "க்ரீ..ச்."

"முன்னாடி இருமிச்சு. இப்ப அழுவுது" என்றார் ஜன்னத் பீவி.

மெஹராஜுக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் இளவழகன் சத்தத்தைக் கேட்டான், கார் நிற்கிற உயரத்தைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"என் தப்புதாங்கக்கா. அவசரத்துல வீலு தொங்கும்போதே இறுக்கிட்டேன். ரப்பரு அந்தத் தொங்குன நிலையிலயே புடிச்சிக்கிச்சு. இப்ப எறக்கி வச்சா முறுக்கிக்கிட்டு நிக்குது. இப்படியே ஓட்டுனா ஒரு மாசத்துல கிழிஞ்சிரும். லூஸ் பண்ணிட்டு, வண்டி தரையில நிக்கும்போது, ஆளுங்க உக்காந்திருக்கற எறக்கத்துலதான் இறுக்கணும்."

"அவசரம்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் ஜன்னத் பீவி.

ஆட்கள் உட்கார்ந்தால் கார் தாழ்ந்துவிடும், அடியில் போய் இறுக்க இடம் இருக்காது. மற்ற ஊர்ப் பட்டறை என்றால் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் பள்ளம் வெட்டினால் ஊற்று வந்துவிடும். இளவழகனும் ஒரு தடவை வெட்டினான், அதில் கெளுத்தி மீன் வளர்ந்தது. அதனால் கோடையில் அவனுக்குப் பள்ளம், பட்டறைக்குப் பின்னால் போகிற சின்ன வாய்க்கால்தான். இரண்டு கரையும் சிமெண்ட். இந்தக் கரையில் இரண்டு சக்கரம், அந்தக் கரையில் இரண்டு சக்கரம் என்று காரை நிறுத்திவிட்டு, காய்ந்த வாய்க்காலுக்குள் அவன் இறங்கி உட்கார்ந்து வேலை பார்ப்பான்.

காரை அப்படிக் கொண்டு போய் நிறுத்தும்போது ஹமீது போனைப் பார்த்துக்கொண்டே, "மேட்டூர்த் தண்ணி தலைப்பு மதகத் தாண்டிருச்சுன்னு குரூப்ல போட்டிருக்கான். சாயந்தரம் இங்க வந்துருமாம்" என்றார்.

வயலுக்குத் தண்ணீர் பார்க்க வந்திருந்த காத்தாயி சிரித்த சிரிப்பில் புங்கமரத்துக் காக்கை பறந்தது. எங்களுடையது கடைமடை. மேட்டூரைத் திறந்தால் எல்லா ஊரும் குடித்து முடித்த பிறகு மிச்சம் வருகிற இடம். சொன்ன நாளில் இங்கே தண்ணீர் வந்ததே கிடையாது. என் கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடும் என்று சொன்ன தண்ணீர், மருதாணி கைவிட்டுப் போன பிறகு வந்தது. அதனால் அன்று ஹமீதின் போனை அங்கிருந்த ஒருவரும் நம்பவில்லை. ஹமீதும் நம்பவில்லை.

"பாரம் வேணும். எல்லாரும் ஏறுங்க" என்றான் இளவழகன்.

மெஹராஜ் ஸ்டியரிங்கில். பின்னால் ஹமீது, அவருக்கும் காத்தாயிக்கும் நடுவில் மடியில்லாக் குழந்தை மாதிரி, மறுபடி காருக்கே வந்துவிட்ட அந்தத் தேக்சா. முன்சீட்டு காலியாக இருந்தது. எல்லோரும் ஜன்னத் பீவியைப் பார்த்தார்கள்.

"என்னைய எடைக்கல்லுன்னு நெனைச்சீங்களா?"

"வாங்கம்மா, நீங்க உக்காந்தாத்தான் அது சரியா எறங்கும்" என்றான் இளவழகன், மிக மரியாதையாக.

அவர் ஏறி உட்கார்ந்தார். கார் "உஸ்" என்று தாழ்ந்தது. அடியிலிருந்து, "அங்கதான், அங்கதாம்மா, அசையாதீங்க" என்று குரல் வந்தது. ஒரு பக்கத்து நட்டை இறுக்கி முடித்தான். மறுபக்கம் நகர்ந்தான்.

அப்போது வாய்க்காலின் மேற்கே, யாரோ பாயை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சரசரப்பு. ஒரு தவளை தாவி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் காய்ந்த சருகும் வைக்கோலும் நுரையும், ஒற்றை நீலச் செருப்பும் சேர்ந்து ஒரு கூட்டமாக உருண்டு வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் தண்ணீர்.

"தண்ணிடியம்மா" என்றாள் காத்தாயி. கதவுக்குக் கையைக் கொண்டு போனாள்.

"யாரும் எறங்காதீங்க, நட்டு பாதியில நிக்குது" என்று அடியிலிருந்து இளவழகன் கத்தினான்.

"தம்பி, நீ மேல வா" என்றாள் மெஹராஜ்.

"முழங்காலுதாங்கக்கா வரும். உக்காருங்க."

ஜன்னத் பீவி திரும்பி, தன் முழுக் கையையும் பின்சீட்டுக்கு நீட்டிக் காத்தாயியைத் தடுத்தார். "உக்காருங்க. என் மருமவ வண்டி."

"வருசத் தண்ணிங்கம்மா. கையெடுத்துக் கும்புட வேணாமா?"

"உக்காந்தே கும்புடுங்க. நானும் உக்காந்தேதான் துஆ கேக்கப் போறேன்."

காத்தாயி, ஒருவேளை வந்துவிடுமோ என்று தினமும் மடியில் முடிந்து வைத்திருந்த நெல்லையும் பூவையும் ஜன்னல் வழியாக வாய்க்காலில் போட்டாள். ஜன்னத் பீவி முன்சீட்டில் இரண்டு கையையும் ஏந்தினார். ஹமீது தேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "குரூப்ல போட்டது சரியாத்தான் இருக்கு" என்றார், ஏதோ தானே கொண்டு வந்த மாதிரி. அதைக் கேட்டு மெஹராஜுக்குத்தான் முதலில் சிரிப்பு பிடித்தது. அவளிடமிருந்து காத்தாயிக்கு, காத்தாயியிடமிருந்து ஜன்னத் பீவிக்கு. அந்த அம்மா சிரித்தால் முழு உடம்பும் சிரிக்கும். கார் தொட்டில் மாதிரி ஆடியது.

"சிரிக்காதீங்கம்மா, ஸ்பேனர் நழுவுது" என்று அடியிலிருந்து கெஞ்சல் வந்தது. அது இன்னும் மோசமாக்கிவிட்டது. ஜன்னத் பீவி முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எப்படியோ ஒரு நிமிடம் நான்கு பேரும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார்கள். அந்த நிமிடத்தில் கடைசி நட்டு இறுகியது.

இளவழகன் தொடை வரை நனைந்து, தோளில் வைக்கோலோடு மேலே ஏறி வந்தான். கையில் ஸ்பேனரும் அந்த நீலச் செருப்பும் இருந்தன. "ஓட்டிப் பாருங்கக்கா" என்றான்.

மெஹராஜ் துஆ ஓதினாள். மதகு மேட்டில் ஏறினாள். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கினாள். கேட்கவில்லை. பள்ளிவாசல் வேகத்தடை, ரயில்வே கேட் தண்டவாளம், மீன்கடைப் பள்ளம். தேக்சா மூடிகூட மரியாதையாக இருந்தது. பிரேக்கை அழுத்தினால் கார் நேராக நின்றது. ஜன்னத் பீவி தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வந்து கூட்டிக்கிட்டுப் போங்க சம்மந்தி" என்றார்.

மெஹராஜ் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வஞ்சிர வாடை இன்னும் இருந்ததாக அப்புறம் என்னிடம் சொன்னாள்.

ஏழாம் மாதம் மயிலாடுதுறைக்குப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டாள். நஜ்மாவைப் பின்சீட்டில், புது உறையில், தலையணை வைத்து என் பக்கத்தில் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் ஜன்னத் பீவி உள்ளேயிருந்து வந்தார். கையில் துணிப்பை, ஊறுகாய் ஜாடி, தொழுகைப் பாய். நேராக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மாமி, நீங்க எங்க?" என்றாள் நஜ்மா.

"இறுக்கும்போது இந்த எடத்துல யாரு உக்காந்திருந்தா? நான். அந்தப் புஷ்ஷு என் பாரத்துக்குப் பழகிருச்சு. நான் இல்லாம ஓட்டுனா மறுபடியும் கத்த ஆரம்பிச்சிரும். புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு அந்த வம்பு எதுக்கு? புள்ள பொறக்கற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு, செக்கப்புக்குன்னு வண்டி ஓடத்தானே போவுது. நான் கூடவே இருக்கேன்."

மெஹராஜ் என்னைப் பார்த்தாள். இறங்கி, டிக்கியைத் திறப்பது மாதிரி பின்னால் போய், இளவழகனுக்கு போன் போட்டாள். திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னான் என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரு உக்காந்தாலும் ஒண்ணுதானாம். ஆனா அந்தம்மாகிட்ட அவன் சொல்ல மாட்டானாம். என்னையும் சொல்ல வேணாங்கறான்."

அவளும் சொல்லவில்லை. வழியெல்லாம் இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நாற்றங்கால்கள் கிளிப்பச்சையாக இருந்தன. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். நஜ்மா தூங்கி, விழித்து, மாமியும் உம்மாவும் மீன் குழம்புக்கு மாங்காயா புளியா என்று வாதாடுவதைக் கேட்டுச் சிரித்து, மறுபடி தூங்கினாள்.

ஊர் எல்லையில் மதகு மேடு வந்தது. கார் ஏறி, பஞ்சு மாதிரி இறங்கியது. ஜன்னத் பீவி என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"அதத்தான் கேக்குறேன். மருமவ தூங்கிட்டா, அவ கேக்கலை. நஜ்மா, எந்திரிம்மா. சம்மந்தி, வண்டியத் திருப்புங்க, இன்னொரு தடவை ஏத்துங்க."

மெஹராஜ் வண்டியைத் திருப்பினாள்.